உப்புக் காற்றும் மயிரிழைக் கம்பியும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது முன்னோர் வாக்கு. தூத்துக்குடிச் சீமையில் வாழும் நமக்கோ உப்பையே உள்ளளவும் மறக்க இயலாது. உப்பளங்களில் வெண்குன்றுகளாகக் குவிந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுவே. அங்கே உழைப்போரின் பாதங்களைப் புண்ணாக்குவதும் அதுவே. முத்துக் குளித்த தலைமுறை மறைந்துவிட்டது. நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். ஆனால் உப்புக் காற்று மட்டும் ஓய்ந்தபாடில்லை. சன்னல் கம்பியைத் துருவேற்றுகிறது. சைக்கிள் சக்கரத்தை அரிக்கிறது. பூட்டைத் திறக்கவொட்டாமல் செய்கிறது. திருநெல்வேலிச் சாலையில், கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் எமது புதுக்கோட்டையையும் அது விட்டுவைப்பதில்லை. தொண்டைமான் சீமைப் புதுக்கோட்டையைச் சொல்லவில்லை. தூத்துக்குடியை அடுத்துள்ள எம் சிற்றூரையே சொல்கிறோம்.

இந்த உப்பு இசைக்கும் பகையாகக் கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனுக்கு உயரிய இடத்தை அளித்ததோடு, உரிய அதிகாரம் உடையோரின் இசைவுடன் தகுதியான பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்று வழி திறந்து வைத்தது. காலப்போக்கில் நம் பங்குகள் பலவற்றில் ஆர்மோனியத்திற்கும் தபேலாவிற்கும் பக்கத்தில் மின்சாரக் கித்தாரும் வந்து அமர்ந்தது. அது திடீரென ஊமையாகும் நாளில் பாடற்குழுவினர் படும் பாடு சொல்லத் தரமன்று. ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிகிறது, தந்தியும் அறுபடவில்லை, மீட்டினால் ஓசை மட்டும் இல்லை. கடைக்குக் கொண்டுபோனால், "பிக்கப் போய்விட்டது, புதிது மாட்ட வேண்டும்" என்ற ஒரே விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

இந்தப் பிக்கப் என்பது யாது? அது எதனால் பழுதாகிறது? மாற்றாமலே அதனைச் சீர்செய்ய இயலுமா? பாடற்குழுக் கருவிகளைப் பல ஆண்டுகளாகப் பேணி வந்ததில் நாம் கண்டறிந்தவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். போய்விட்டது என்று ஒதுக்கப்படுபவற்றுள் பல உண்மையில் போனவை அல்ல என்பதே நாம் சொல்ல வரும் செய்தி.

பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒரு காந்தம், அதனைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள். பிக்கப் என்பது இவ்வளவே. கித்தாரின் தந்திகளுக்கு நேர் கீழே, உடற்பலகையில் அது பதிக்கப்பட்டிருக்கும். ஒரு சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். கித்தாரின் எஃகுத் தந்தி காந்தத்தின் அருகில் இருப்பதால் தானும் சிறிது காந்தத் தன்மை பெறுகிறது. அதை மீட்டியதும் அதன் அதிர்வோடு காந்தப்புலமும் அசைகிறது. சுருளில் மிகச் சிறிய மின்னலை எழுகிறது. அதனை ஆம்ப்ளிஃபையர் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. எனவே பிக்கப்பை மைக்கைப் போன்றது என்று கருதலாகாது. நல்ல நிலையில் உள்ள பிக்கப்பின்மேல் குனிந்து எவ்வளவு உரக்கப் பாடினாலும் அது பொருட்படுத்தாது. நைலான் தந்தியைப் பூட்டினாலோ அது முற்றும் ஊமை. காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்தின் அசைவை மட்டுமே அது அறியும்.

இக்கருவியின் வரலாறு ஒரு நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவருடன் சேர்ந்து 1930-களின் தொடக்கத்தில் இவ்வகைப் பிக்கப் பொருத்திய கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் உருவத்தைக் கண்டோர் 'வாணலி' என்றே அதற்குப் பெயரிட்டனர். அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு குறை உண்டு. தந்தியின் அசைவை மட்டுமன்றி, சுற்றிலும் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் அது வாங்கிக் கொள்ளும். டியூப் லைட்டின் அருகே நின்று வாசித்தால் எழும் இரைச்சலை நம் இளைஞர்கள் அறிவார்கள். 1955-இல் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர், எதிரெதிர்ப் போக்கில் அமைந்த இரண்டு சுருள்களை இணைத்து அந்த ரீங்காரத்தைத் தன்னைத் தானே அடக்கிக் கொள்ளுமாறு செய்தார். இன்றும் இவ்விரு வகைகளே பெரிதும் வழக்கில் உள்ளன.

இது நம் மரபிசைக்கு அந்நியமானது என்று எண்ணுவதும் சரியன்று. ஆந்திரத்துப் பாலக்கொல்லில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட மேனாட்டு மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்து உலகை வியக்க வைத்தார். கமகங்களுக்கு வேண்டிய நீண்ட நாதத்திற்கு அந்தச் சிறு காந்தமும் சுருளும் துணைநின்றன.

இனி, அந்தச் சுருளின் மென்மையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கித்தாரில் மூன்று பிக்கப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ எட்டாயிரம் சுற்றுகள். கம்பியின் பருமனோ ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, தலைமயிருக்கு ஒப்பு. நம் நாட்டுக் கம்பிக் கடைகளில் வழங்கும் கேஜ் கணக்கில் அது ஏறக்குறைய 46. தீப்பெட்டியைவிடச் சற்றே நீண்ட அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதன்மேல் எனாமல் என்னும் மெல்லிய பூச்சு மட்டுமே காப்பு. அந்த ஒரு கிலோமீட்டரில் எங்கேனும் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் போதும். பிக்கப் வாயடைத்துப் போகும்.

அறுபடுவதற்குரிய காரணங்களுள் முதன்மையானது நாம் தொடக்கத்தில் சொன்ன உப்பே. கடற்காற்றில் வருவது பாதி. வாசிப்பவரின் வியர்வையில் வருவது பாதி. ஆகஸ்டு மாதத்தில் பனிமய மாதா திருவிழாவில் வெயிலில் நின்று வாசிப்பவரின் உள்ளங்கை எப்படி நனைந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த ஈரம் பிக்கப்பின் மூடியில் உள்ள துளைகள் வழியே இறங்குகிறது. எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தால் அங்கே உப்புநீர் செம்பைத் தொடுகிறது. செம்பில் களிம்பு ஏறுகிறது. பாத்திரத்தில் ஏறிய களிம்பைப் புளியிட்டுத் தேய்த்துவிடலாம். மயிரிழைக் கம்பியில் ஏறிய களிம்போ கம்பியையே தின்று தீர்த்துவிடும்.

இரண்டாவது காரணம் துரு. ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் ஆறு காந்தக் குச்சிகள் நேராக நிற்க, பலவற்றில் அவற்றின்மீதே கம்பி சுற்றப்பட்டிருக்கும். அல்நிகோ என்னும் அக்காந்தத்தில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றோடு இரும்பும் உண்டு. ஆகவே அது துருப்பிடிக்கும். துரு பருத்து உள்சுற்றின் எனாமலை உரசிக் கெடுக்கும். இப்படி உள்ளிருந்து தொடங்கும் கேடு வெளிப்பார்வைக்குப் புலப்படாது.

மூன்றாவது காரணம் மனிதக் கை. தந்தியை மாற்றும்போது திருப்புளி வழுக்கிச் சுருளின் பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்தால், ஒரே கணத்தில் பத்து இருபது சுற்றுகள் அறுந்துபோகும். காந்தக் குச்சிகள் உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பதைக் கண்டு, அவற்றைச் சமன்செய்கிறோம் என்று அழுத்துவோரும் உளர். நேரடியாகக் கம்பி சுற்றிய பிக்கப்பில் குச்சி நகர்ந்தால் உள்சுற்றும் அதனோடு அறுபடும். இனி, பற்றவைப்பில் நேரும் பிழை ஒன்று. ஈயம் பூசுவோர் பாத்திரத்திற்குப் பயன்படுத்தும் நவச்சாரத்தையோ, தகர வேலைக்குரிய அமிலத்தையோ இங்கே ஒருபோதும் தொடலாகாது. பற்று அன்று உறுதியாக நிற்கும்; மிஞ்சிய அமிலமோ சில மாதங்களில் கம்பியை அரித்துவிடும். ரேடியோ வேலைக்குரிய ரோசின் ஒன்றே இதற்கு ஏற்றது.

வேறு சில குறைகளும் உண்டு. சுருளை இறுக்கி வைத்த மெழுகு இளகினாலோ, முதலிலேயே மெழுகு ஊட்டப்படாமல் இருந்தாலோ, கம்பிகள் தாமே அதிர்ந்து, ஒலியைக் கூட்டும்போது கீச்சென்ற அலறல் எழும். எனாமல் உரிந்து அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஒலி மங்கிக் கனமிழக்கும். காந்தம் வலுக்குன்றுவது அரிது. ஆயினும் பெரிய ஒலிபெருக்கியின் காந்தத்தின் மேலேயே கித்தாரைச் சாய்த்து வைக்கும் பழக்கம் நல்லதன்று.

காரணங்களை அறிந்தபின் சோதிக்கும் முறைக்கு வருவோம். மருத்துவர் நாடி பார்க்குமுன் கத்தியை எடுப்பதில்லை. அதுபோலவே, பிக்கப்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை பல. முதலில் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஊமையான கித்தார்கள் பலவற்றில் குற்றவாளி அந்த வயரே. அடுத்து, வயர் செருகும் ஜாக். அதன் நாக்கு தளர்ந்திருக்கலாம், பற்று விட்டிருக்கலாம். பின்பு பிக்கப்புகளை மாற்றும் சுவிட்ச். உப்பும் தூசியும் அதன் முனைகளில் படிந்திருக்கும். பின்னர் வால்யூம் திருகி. திருகும்போது கரகரவென்றால் நோய் அங்கேதான். சில கித்தார்களில் உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தாலும் ஊமைதான்.

இவையெல்லாம் சரியெனில், ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்து வைத்து, சிறு இரும்புத் திருப்புளியின் நுனியால் காந்தக் குச்சியை மெல்லத் தட்டுக. 'டக்' என்று ஒலி வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் மல்டிமீட்டரை எடுக்கலாம். பிக்கப்பின் இரண்டு வயர்களில் ஒன்றைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும். இல்லையேல் சுருள் அறுந்திருந்தாலும் வால்யூம் திருகியின் அளவை மீட்டர் காட்டி நம்மை ஏமாற்றும். ஒற்றைச் சுருள் பிக்கப் ஐயாயிரத்து ஐந்நூறு முதல் ஆறாயிரத்து ஐந்நூறு ஓம் வரை காட்டினால் நலம். இரட்டைச் சுருள் வகை ஏழாயிரம், எட்டாயிரம் அளவில் காட்டும். அதற்கு மேற்பட்டவையும் உண்டு. முள் அசையவே இல்லையெனில் கம்பி அறுந்துள்ளது. அளவு வழக்கத்தைவிட மிகக் குறைந்தால் சுற்றுகள் ஒட்டியுள்ளன. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க: அறுந்த சுருளிலிருந்தும் சில வேளைகளில் மெலிந்த கீச்சொலி கசிந்து வரும். ஒலி வருகிறதே என்று அதனை நலமானதாகக் கொள்ளலாகாது.

இத்தனையும் ஏட்டறிவாகத் தோன்றலாம். ஆகவே எம் ஊரில் நாம் அருகிருந்து கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பாடற்குழுவில் கித்தார் வாசிக்கும் இளைஞர் ஒருவர். அவருடைய தந்தை கப்பலில் பணிபுரிந்தவர்; அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் தம் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அந்தக் கித்தாரை வாங்கி வந்தவர். தந்தை மறைந்தபின் மகன் அதனை எடுத்தார். சில ஆண்டுகளில் அதன் மூன்று பிக்கப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அடங்கின. வெளியூர்க் கடை ஒன்றில் காட்டியபோது, மூன்றும் போய்விட்டன, கித்தாரின் உள்ளுறுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். கணவரை இழந்து தையல் வேலையால் குடும்பம் நடத்தும் தாய் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க எண்ணினார். நம்மிடம் யோசனை கேட்க வந்தபோது அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்யா. ஆனா அவங்க அப்பா கைபட்ட சாமான்ல இருந்து ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டுட்டா, அப்புறம் அது யாரு கித்தார்?"

அக்கேள்விக்கு விடை தேடிச் சென்ற இடம் இசைக் கடை அன்று. மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சுருள் சுற்றும் ஒரு சிறு பட்டறை. அதன் உரிமையாளர் அதுவரை பிக்கப்பைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் செப்புக் கம்பியோடு முப்பது ஆண்டு பழகியவர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணும் செத்துப் போச்சுன்னு யார் சொன்னது? ஒண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். "அண்ணாச்சி, சத்தமே வரலையே?" என்றார் இளைஞர். "சுவிட்சு முனையைப் பாரும். பச்சை பிடிச்சுக் கிடக்கு. அது விடாம இது எப்படிப் பேசும்?" சுவிட்சைத் துடைத்துப் பற்றைப் புதுப்பித்ததும் கழுத்தருகே உள்ள பிக்கப் அக்கணமே பேசிற்று. கடையில் இறந்ததாகச் சொல்லப்பட்ட மூன்றில் ஒன்று இவ்வாறு ஒரு துணித் துண்டாலேயே பிழைத்தது.

நடுவில் இருந்த பிக்கப்பில் மீட்டர் அசையவில்லை. அண்ணாச்சி உருப்பெருக்கிக் கண்ணாடியை அணிந்துகொண்டு, சுருளின் வெளிமுனை பற்றில் சேரும் இடத்தைப் பார்த்தார். அங்கே களிம்பேறிக் கம்பி அறுந்திருந்தது. இது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். அறுபட்டது வெளிமுனையாயின் சுருளைத் தொடாமலே காப்பாற்றலாம். ஊசி முனையால் வெளிச்சுற்றுகளில் ஒன்றிரண்டை நெகிழ்த்தி எடுத்து, நுனியின் எனாமலை மிக மெல்லிய உப்புத்தாளால் இருமுறை வருடி, ரோசினோடு ஓரிரு விநாடி மட்டும் சூடு காட்டி மீண்டும் பற்றவைத்தார். எட்டாயிரத்தில் இரண்டு சுற்று குறைந்ததை எந்தக் காதும் கண்டுகொள்ளாது.

பாலத்தருகே இருந்த மூன்றாவதே உண்மையில் நோயுற்றது. அதன் குச்சிகளில் துரு, உள்சுற்றில் அரிப்பு. அதனை முழுவதும் பிரித்துப் புதிதாகச் சுற்றுவதன்றி வேறு வழியில்லை. ஆனால் காந்தமும் சட்டகமும் மூடியும் பழையவையே இருக்கும். மாறுவது கம்பி மட்டுமே. பிரிக்குமுன் அண்ணாச்சி ஒரு தாளில் சுருள் எந்தப் பக்கமாகச் சுற்றப்பட்டுள்ளது, தொடக்க முனை எந்த வயருக்குச் செல்கிறது என்பவற்றை வரைந்துகொண்டார். இது இன்றியமையாதது. போக்கு மாறினால், தனியே வாசிக்கும்போது குறை தெரியாது. இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்யும்போது ஒன்றையொன்று வெட்டி, ஒலி குழிந்து மெலிந்துவிடும்.

பழைய கம்பியை மெல்ல அகற்றி, குச்சிகளின் துருவைத் துடைத்து, அவற்றின்மேல் வார்னிஷ் பூசி உலரவிட்டு, ஒரு சுற்று மெல்லிய டேப்பும் ஒட்டினார். இனித் துரு வந்தாலும் கம்பியைத் தொடாது. சுற்றுவதற்குத் தாயின் தையல் இயந்திரத்து மோட்டாரே உதவிற்று. சுற்றுகளை எண்ண ஒரு சிறு எண்காட்டி. கம்பியின் இறுக்கத்தைக் காப்பது விரல்களின் வேலை. பஞ்சுத் துணிக்கிடையே அதனை ஓடவிட்டு, தளராமலும் இழுபடாமலும் வழிகாட்ட வேண்டும். தளர்ந்தால் பிற்பாடு அலறும், இழுத்தால் அறும். முதல் முயற்சியில் மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும் கம்பி அறுந்தது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். முடிச்சுப் போட்டுத் தொடரலாமே என்று இளைஞர் கேட்டதற்கு, "மோட்டார்லயே உள்ளே முடிச்சு வைக்க மாட்டேன் தம்பி. இது உம்ம அப்பா சாமான்" என்றார். இரண்டாம் முறை, விளக்கு வைத்து வெகுநேரம் சென்றபின், எட்டாயிரம் நிறைந்தது. மீட்டர் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஓம் காட்டிற்று.

எஞ்சியது மெழுகு ஊட்டுதல். பாரஃபின் மெழுகு நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் கலந்து, ஒரு பாத்திரத்தில் இட்டு, அதனை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். மெழுகை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றிக் கொள்ளும். இதில் அசட்டை கூடாது. சூடு ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடில் நிற்க வேண்டும். மிஞ்சினால் பிளாஸ்டிக் சட்டகம் நெளிந்துவிடும். அதில் பிக்கப்பை அமிழ்த்தினால் சிறு குமிழிகள் மேலெழும். கம்பிகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறி மெழுகு உள்ளே புகுவதன் அடையாளம் அது. குமிழி நின்றபின், பதினைந்து இருபது நிமிடத்தில், வெளியே எடுத்துத் துடைத்து ஆறவிட வேண்டும். வண்ணமும் வாசனையும் கலந்த மெழுகுவர்த்திகளை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதே நன்று. மெழுகு அலறலை அடக்குவதோடு, ஈரம் உட்புகாமல் தடுக்கும் காவலாகவும் அமைகிறது. நம் கடற்கரைக்கு இரண்டும் வேண்டும்.

கித்தாரைப் பூட்டி வாசித்தபோது, புதிதாகச் சுற்றிய பிக்கப்பின் குரல் முன்னைவிடச் சற்றே தடித்திருந்தது. கையால் சுற்றியதில் கம்பி படிந்த முறை வேறு. ஆகவே குரலும் நூலளவு வேறு. இளைஞர் அதை உடனே கண்டுகொண்டார், ஆயினும் வருந்தவில்லை. பக்கத்தில் நின்று கேட்ட தாய், "அவங்க வாசிச்ச மாதிரியே இருக்கு" என்றார். இருவர் சொன்னதும் உண்மையே என்று நமக்குப் பட்டது. சங்கிலி அடகுக்குப் போகவில்லை. கம்பிக்கு ஆன விலையையும் கூலியையும் இளைஞர் இரண்டு தவணையில் கொடுத்துத் தீர்த்தார்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பேட்டரியில் இயங்கும் பிக்கப்புகள் சிலவற்றை எபாக்சிப் பிசினில் அடைத்து வார்த்திருப்பார்கள். அவற்றைப் பிரிக்க இயலாது. மலிவான கித்தாரின் பிக்கப்பைச் சுற்றுவதைவிடப் புதிது வாங்குவது சிக்கனமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. அப்போது மாற்றுவதே அறிவுடைமை. ஆனால் அம்முடிவு சோதனைக்குப் பின் வர வேண்டும். சோதனைக்கு முன் வரலாகாது.

வந்தபின் காப்பதைவிட வருமுன் காப்பது எளிது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளையும் பிக்கப்பின் மேற்பரப்பையும் துடைத்துவிடுக. கித்தாரைக் கடற்காற்று வீசும் சன்னலுக்கு எதிரே சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுக. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதனை அடிக்கடி மாற்றுக. துரு நீக்கும் எண்ணெயைப் பிக்கப்பின்மீது தெளிக்கலாகாது. உலோகக் கட்டைகளை இரும்பு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்குவோர், முன்னதாகப் பிக்கப்பின்மேல் டேப்பை ஒட்டி மூடிக்கொள்க. இல்லையேல் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். முன்பே ஒட்டிய தூளையும் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு பாடற்குழுவும் ஒரு மல்டிமீட்டரையும் ஓர் உபரி வயரையும் வைத்துக்கொள்வது நல்லது. குழுவில் ஒருவரேனும் பற்றவைக்கப் பழகிக்கொள்ளட்டும். அதற்கும் மேற்பட்ட வேலையாயின், நம் ஊர்களில் மோட்டாருக்குச் சுருள் சுற்றுவோரும் பழைய ரேடியோக்களைச் சீர்செய்தோரும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கித்தாரை அறியாதவர்களாக இருக்கலாம். கம்பியையும் காந்தத்தையும் அறிவார்கள். அவர்களிடம் நம் இளைஞர்களை அனுப்பி, அருகிருந்து பார்க்கச் செய்வோமானால், ஒரு கருவி பிழைப்பதோடு ஒரு கைத்தொழிலும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும். நம் காற்றில் உப்பு இருக்கும்வரை அந்தத் தொழிலுக்கு வேலையும் இருந்துகொண்டேயிருக்கும்.